‘சொல்லுக்குச் சொல் சரி’ என்ற முத்திரையைத் திரும்பப் பெறக் கோரி

அனுப்புநர்:
மனுதாரர்
(பெயரும் முகவரியும் மனுவின் முடிவில்)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயல்நாட்டு மாணவர் நல ஆணையரகம்,
தலைநகர்.

பொருள்: அயல்நாட்டுச் சிறையில் உள்ள என் மைத்துனர் மீதான வழக்கில், தங்கள் ஆணையரகத்தின் சான்று மொழிபெயர்ப்பாளர் வைத்த ‘சொல்லுக்குச் சொல் சரி’ என்ற முத்திரையைத் திரும்பப் பெற்று, விசாரணை நாளுக்குள் திருத்திய சான்று அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் நான் கையொப்பமிட்டு அனுப்பிய ஆறு மனுக்கள்.
2. ஆறுக்கும் சேர்த்து வந்த ஒரே பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இந்த மனுவை எழுதுகிறேன். ஆறு மனு அனுப்பியவன் வாயை மூடிக்கொண்டிருந்ததாகச் சொல்வது எப்படி என்று தாங்கள் கேட்கலாம். அந்த ஆறிலும் விவரங்கள் இருந்தன; நடந்தது இல்லை. ‘அறையிலிருந்து அனுப்பப்பட்ட செய்திகள்’ என்று எழுதினேன். அனுப்பியது யார் என்று எழுதவில்லை. ‘தாக்கப்பட்டார்’ என்று எழுதினேன். அப்போது நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதவில்லை. இருபத்திரண்டு ஆண்டு வகுப்பெடுத்தவனுக்குச் செயப்பாட்டு வினை எதற்கெல்லாம் உதவும் என்று தெரியும். இம்முறை அது வேண்டாம்.

1. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியல் கற்பிக்கும் விரிவுரையாளன். வயது நாற்பத்தேழு. முனைவர் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பதவி உயர்வில் என்னை மூன்று முறை தாண்டிப் போனார்கள். மூன்றாவதாகத் தாண்டியவர் என்னிடமே படித்தவர். ஆய்வக ஏட்டைப் பக்கத்து இருக்கையைப் பார்த்து எழுதியவர். இன்று எங்கள் முதல்வர். “சார், உங்க அனுபவத்துக்கு ஒரு டாக்டரேட் மட்டும் இருந்துட்டா போதும்” என்று அவர் என் தோளைத் தட்டிய அன்றே ஆய்வு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தத் தட்டல் இன்னும் என் தோளில் இருக்கிறது. இதை இங்கே சொல்வது, நான் எந்த மனநிலையில் நாடு விட்டுப் போனேன் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

2. போன இடத்தில் எனக்கு ஓராண்டு முன்பே என் மைத்துனர் இருந்தார். என் மனைவியின் ஒரே தம்பி. வயது இருபத்தொன்பது. உதவித்தொகையில் பல் அறுவை மருத்துவ மேற்படிப்பு. அந்த நாட்டு மொழியை எட்டு மாதத்தில் பேசக் கற்றுக்கொண்டவர். எனக்கு அது வரவில்லை. மாணவர் விடுதியின் நான்காம் மாடியில், இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல் கொண்ட அறையில் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை எனக்குக் கொடுத்தார். அதற்காகவும் அவர்மீது எனக்கு எரிச்சல் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

3. அறைக்கு இணைய இணைப்பு வாங்கப் போனபோதுதான் முதல் தவறு நடந்தது. நம் வழக்கப்படி எனக்குப் பெயர் ஒன்று, தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்று. கடவுச்சீட்டு அலுவலகம் அந்த எழுத்தை விரித்துத் தகப்பனாரின் முழுப் பெயரையும் முன்னால் போட்டது. பல்கலைக்கழகம் எழுத்தை மட்டும் போட்டது. இணைப்பு வழங்கும் அலுவலகப் பெண் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இவர்கள் இரண்டு பேர் என்று முடிவுசெய்தார். கடவுச்சீட்டில் முதலில் இருப்பவர் யாரோ அவரே நேரில் வர வேண்டும் என்றார். என் தகப்பனார் காலமாகி ஒன்பது ஆண்டாகிறது. நான் குரலை உயர்த்தினேன். வரிசையில் பின்னால் நின்ற மைத்துனர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, “விடுங்க மாமா, என் பேர்லயே எடுத்துடறேன். பெரியவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்” என்றார். அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தார். இணைப்பு அவர் பெயரில் வந்தது.

4. அந்த இணைப்பின் இலட்சணத்தைத் தாங்கள் அறிய வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையை இறக்க ஆரம்பித்தால் மாலை நாலு மணிக்குத் தொண்ணூற்றேழு விழுக்காட்டில் வந்து நிற்கும். எனக்கு வேண்டிய வரைபடம் மிச்சம் மூன்றில் இருக்கும். காணொளியில் என் நெறியாளர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். அவர் வாய் மூடுவதற்குள் நான் ஒரு தேநீர் போட்டுக் குடித்து முடித்திருக்கிறேன். இதெல்லாம் வேகம் சம்பந்தப்பட்டது, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தடை. நான் போய்ச் சேர்ந்த ஆண்டு அங்கே இரண்டு அமைச்சர்களின் ஆட்கள் தெருவில் மோதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து சரிவு, உடைப்பு, வீழ்ச்சி என்று பொருள்படும் சொற்களைத் தேடினால் பக்கம் மறையும். தண்டனையாக அந்த அறையின் இணைப்பே பத்து நிமிடம் துண்டிக்கப்படும். என் ஆய்வின் தலைப்பு: மண் அணைகளின் கரைச் சரிவும் உடைப்பும்.

என் ஆய்வுத் தலைப்பைத் தட்டச்சு செய்வதே குற்றமாகிவிட்ட நிலையில், மைத்துனர் தன் மேசைப் பக்கத்திலிருந்து திரும்பாமலே கேட்பார்: “மாமா, ஒரு அரை மணி நேரம் அணையை உடைக்காம இருங்களேன். எனக்கு வகுப்பு ஓடுது.” நான் உடைப்பேன். அவருடைய பேராசிரியர் தாடை எலும்பை விளக்கிக்கொண்டிருக்கும்போது திரை கறுக்கும். மைத்துனர் வகுப்புத் தோழனிடம் குறிப்பு வாங்கிக் கையால் எழுதிக்கொள்வார்.

5. எல்லோரையும் போல நாங்களும் ஒரு ‘பின்வாசல்’ வைத்திருந்தோம். தடையைச் சுற்றிக்கொண்டு வெளியே போகும் செயலிக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. சட்டப்படி குற்றம். விடுதிக் காப்பாளருக்கும் எங்களுக்கும் அதை நிறுவிக் கொடுத்தவர் தெருமுனை நகல் கடைக்காரர் ஒருவரே. எங்கள் அறையில் அது மைத்துனரின் மடிக்கணினியில் மட்டும் ஓடும். ஆகவே நான் வீட்டுக்கு எழுத வேண்டியதை அவர் கணினியில், அவர் கணக்கிலிருந்து, அவருடைய அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு எழுதுவேன். எழுதியது யார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் எழுதினால் வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி இருக்கும். அவன் முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டான்.

இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன். ‘அவர்’ என்று எழுதும்போது வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது.

6. என் நெறியாளர் என்னைவிடப் பதினோரு வயது இளையவர். என் இரண்டாம் அத்தியாயத்தை ஐந்து முறை திருப்பினார். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கதவு போட்ட தன் அறையில் என்னை உட்காரவைத்து, தாம் மாணவராக இருந்தபோது எப்படி உழைத்தார் என்று இரண்டு மணி நேரம் சொல்வார். ஐந்தாம் முறை அவர் என் தோளைத் தட்டினார். அறைக்குத் திரும்பியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல், மைத்துனனின் கணினியில் என் மனைவிக்கு நான் எழுதியது இது. இந்த வழக்கின் முழுச் சாட்சியமும் இதுதான்:

“இன்னிக்கும் ரெண்டு மணி நேரம் கழுத்தை அறுத்துட்டான். உயிரை வாங்கறான். அந்தாளை ஒருநாள் போட்டுத் தள்ளிட்டுத்தான் ஊருக்கு வருவேன்னு நினைக்கிறேன்.”

என் மனைவி பதில் எழுதினாள்:

“போட்டுத் தள்ளிட்டு வரும்போது அந்த ஊர் கம்பளி ஒண்ணு பெரிய சைஸா வாங்கிட்டு வாங்க”

தமிழ் தெரிந்த எவரும் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் பின்வாசலின் சாவி அந்த அரசிடமும் இருந்தது. படித்தது ஓர் இயந்திரம். நம் வாக்கியத்தில் எழுவாய் இருக்காது என்பது அதற்குத் தெரியாது. யார் கழுத்தை யார் அறுத்தார் என்பதை அது தானே முடிவுசெய்து கொண்டது.

7. மூன்று நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு வந்தார்கள். ஐந்து பேர். மைத்துனன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ரப்பர் ஈறு பொருத்திய ஒரு மாதிரித் தாடையில் தையல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் ஓரமாக, கையில் கெட்டிலோடு நின்றேன். பூட்டாத கதவை உடைத்தார்கள். தள்ளினாலே திறந்திருக்கும். கதவின் மேல் கீல் பிய்ந்து வந்து அவன் நெற்றியில் அடித்தது. முதல் இரத்தம் அது. தரையில் பரப்பியிருந்த கத்திகளைப் பார்த்ததும் ஒருவர் கத்தினார். பத்து மாணவருக்குப் பத்துப் பெட்டி என்று பல்கலைக்கழகமே கொடுத்த கத்திகள். ஒருவர் அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலின் இரும்பு முனையில் மோதினார். இரண்டு முறை மோதினார். முதல் முறை மரம் விழுவதுபோல் கேட்டது. இரண்டாம் முறை ஈரமாகக் கேட்டது.

இணைப்பு யார் பெயரில் என்று கேட்டார்கள். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த சில நூறு சொற்களில் ‘பெயர்’ ஒன்று, ‘யார்’ ஒன்று. அவன் வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கை தூக்குவதுபோல் வலது கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மடிக்கணினியைத் திறந்து தரையில் வைத்து, அவன் விரல்களை எழுத்துகளின் மேல் விரித்துவைத்து, மூடியை மூடி, கனமான ஒருவர் அதன் மேல் ஏறி நின்றார். பூட்ஸ் போட்டிருந்தார். சமநிலைக்காக ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஐயா, அதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அவன் விரல்கள் உடைய, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றார். நான் அசையாமல் நின்றேன். கெட்டிலில் இருந்த தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

பிறகு, எழுதியது யார் என்று கேட்டார்கள். மூன்று முறை கேட்டார்கள். மொழி புரியவில்லை என்று இதுவரை சொல்லிவந்தேன். முதல் முறையே புரிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பதினோரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்காகத்தான் அவன் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

8. என்னையும் கொண்டுபோனார்கள். ஜன்னல் இல்லாத அறை. பச்சை நிற எண்ணெய்ச் சாயம் இடுப்பு உயரம் வரை. அதற்கு மேல் வெள்ளை. என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு. அதைப் படித்தால் நானே அந்த ஆளைக் கைதுசெய்திருப்பேன். இன்று இரண்டு மணி நேரம் அவனது கழுத்து அறுக்கப்பட்டது, உயிர் எடுக்கப்படுகிறது, அந்த மனிதரைக் கொன்று அப்புறப்படுத்திவிட்டு ஊர் வருகிறேன். அடுத்த வரியில் ஒரு பெண் பெரிய அளவில் கம்பளி கேட்கிறாள். விசாரணை அதிகாரிக்கு மற்றதெல்லாம் விளங்கிவிட்டது, கம்பளிதான் உறுத்தியது. எவ்வளவு பெரியது, ஓர் ஆளைச் சுற்றும் அளவா, ஏற்கெனவே வாங்கியாயிற்றா என்று முதல் நாள் முழுவதும் கம்பளியைப் பற்றியே கேட்டார். என் மனைவிக்கு முழங்கால் வலி, குளிர் ஆகாது என்றேன். அறைந்தார். இடது காது அன்று போனது. இந்த மனுவுக்கு அது முக்கியமில்லை.

அறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு என் நெறியாளர் வந்து வாக்குமூலம் கொடுத்தார். தமக்குச் சில காலமாகவே அச்சம் இருந்தது என்றார்.

ஐந்தாம் நாள் நடைவழியில் மைத்துனனை எனக்கு எதிரே கொண்டுவந்தார்கள். முகம் ஒரு பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. வலது கையை ஒரு துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தான். என்னைக் கடக்கும்போது, உதடு அசையாமல், “பதினொண்ணு, பன்னிரண்டு, இருபத்தொண்ணு போயிடுச்சு மாமா. அக்காகிட்ட சொல்லாதீங்க” என்றான். அவர்கள் படிப்பில் பற்களுக்கு எண்தான் பெயர். அவன் சொன்னது மேல்வரிசை முன்பற்கள் மூன்று.

ஒன்பதாம் நாள், எழுதியது நான் என்று சொன்னேன். அதிகாரி அதைத் தாளில் எழுதக்கூட இல்லை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே பேசியவர், சட்டம் அப்படித்தான் என்று விளக்கினார். மேலும், மைத்துனன் இரண்டாம் நாளே ஒப்புதல் வாக்குமூலத்தில் இடது கையால் கையெழுத்திட்டுவிட்டதாகச் சொல்லி அதைக் காட்டினார். பள்ளிக்கூடம் போகாதவர் கையெழுத்துபோல் இருந்தது. எனக்குத் தெரியாமல், எனக்காக அவன் திட்டமிட்டான் என்பது வழக்கு. முப்பத்தோராம் நாள் என்னை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

9. வீட்டில் என் மனைவி பற்களைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் ஒருமுறைதான் இதைப் பற்றிப் பேசினாள். தன் கைபேசியில் அந்தச் செய்தியைத் திறந்து மேசையில் வைத்து, “எழுதினது நீங்க. உள்ள இருக்கிறது அவன். முற்றுப்புள்ளி வச்சது யாருன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கம்பளி கேட்டது நான்” என்றாள். அதன் பிறகு என்னை ‘ஏங்க’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பாடு வைத்துவிட்டுத் தட்டை ஒருமுறை மேசையில் தட்டுவாள்.

10. இனி தங்கள் அலுவலகம். எழுதியவர் யார் என்பது அந்த நீதிமன்றத்துக்குப் பொருட்டல்ல என்று ஆகிவிட்டதால், மிச்சமிருந்த ஒரே வழி அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்பது. அதிசயமாக, அந்த நீதிமன்றமே ஒரு நல்ல காரியம் செய்தது. இயந்திர மொழிபெயர்ப்பை ஆணையரகத்துக்கு அனுப்பி, சரிதானா என்று கேட்டது. ஒரு வரி போதும் ஐயா. ‘கழுத்தறுப்பு என்றால் சலிப்பூட்டும் பேச்சு; போட்டுத் தள்ளுதல் இங்கே எரிச்சலில் சொன்னது’ என்று ஒரு வரி. அவன் வீடு வந்திருப்பான். தங்கள் சான்று மொழிபெயர்ப்பாளர் அதில் ‘சொல்லுக்குச் சொல் சரி’ என்று முத்திரை குத்தி அனுப்பினார். கூடவே ஓர் அட்டவணை. கழுத்து – கழுத்து. அறுத்தல் – அறுத்தல். உயிர் – உயிர். கம்பளி – கம்பளி.

அந்த இயந்திரத்தை நான் மன்னித்துவிட்டேன். அதற்குத் தாய்மொழி இல்லை.

11. சென்ற மாதம் இரண்டாம் மாடியில் அந்த மொழிபெயர்ப்பாளரின் அறைக்குப் போனேன். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை எதிரே நின்று விளக்கினேன். அகராதி கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. “சார், நான் மொழிபெயர்ப்பாளர். ஜோசியக்காரன் இல்ல. என்ன எழுதியிருக்குன்னுதான் பார்ப்பேன். என்ன நினைச்சு எழுதினாங்கன்னு பார்க்கிறது என் வேலை இல்ல” என்றார். அப்போது அவர் தொலைபேசி மணி அடித்தது. எடுத்து, பக்கத்து அறைக்காரரிடம், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எங்க வர்றது? இங்க ஒருத்தர் காலையிலேருந்து கழுத்தறுத்துக்கிட்டு இருக்கார்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தாம் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

அடுத்து நடந்ததைத் தங்கள் காவலர்கள் தங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது உண்மை. மேசையைத் தாண்டி என் இரண்டு கைகளும் அவர் கழுத்தில் இருந்தன. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அவர் தலை பட்டு அலமாரிக் கண்ணாடி உடைந்தது. என் கட்டைவிரல்களுக்குக் கீழே அவர் குரல்வளை ஏறி இறங்குவது தெரிந்தது. அழுத்தினேன். அவர் முகம் சிவந்து, பிறகு வேறு நிறத்துக்குப் போனது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. என் தோளைத் தட்டியவர்கள், என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என எல்லாருடைய கழுத்தும் அந்த ஒரு கழுத்தில் இருந்தது. சொல்லுக்குச் சொல் சரி என்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இரண்டு காவலர்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். படிக்கட்டில் இழுத்துக்கொண்டுபோய் இறக்கினார்கள், பதினெட்டுப் படி, விலா எலும்பு ஒன்று. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

அந்த அதிகாரியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் மீதான புகார் அப்படியே இருக்கிறது.

12. வாசலில் என் மூக்குக்கண்ணாடியைப் பொறுக்கிக் கொடுத்த தங்கள் ஊழியர் ஒருவர் (எந்த மேசை என்று எழுத மாட்டேன்) எனக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தார். “சார், கையெழுத்துப் போட்டு அனுப்பினா நாங்க பதில் போட்டா போதும். மொட்டைக் கடுதாசி வந்தாதான் விசாரிக்கணும். யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு புதுக் கோப்பு திறந்து, ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதி மேலே அனுப்பணும். நீங்க நல்லவரா இருந்து என்ன பிரயோஜனம்?” என்று வருத்தத்தோடு சொன்னார். அன்று மாலையே, என் பெயர் கொண்ட எந்த உறையும் இனிப் பிரிக்கப்படாமல் திருப்பப்படும் என்று தங்கள் அலுவலக உத்தரவு வந்து சேர்ந்தது. அதில் என் பெயரை முதலெழுத்தோடு, பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். வாழ்நாளில் ஓர் அலுவலகம் என் பெயரைச் சரியாக எழுதியது அந்த ஒருமுறைதான்.

13. ஆகவே பணிவுடன் வேண்டுவது:

இன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் அந்த நீதிமன்றத்தில் இறுதி விசாரணை. தங்கள் முத்திரை அப்படியே இருந்தால் அவனுக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று அங்குள்ள வழக்கறிஞர் சொல்கிறார். அந்த முத்திரையைத் திரும்பப் பெற வேண்டும். நான் மேலே சொன்ன ஒரு வரியை எழுதித் தங்கள் கையொப்பத்தோடு அதற்குள் அனுப்ப வேண்டும். அவன் வலது கையை ஒரு மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று விரல்கள் மடங்கவில்லை என்று அவன் எழுதிய கடிதம் வந்திருக்கிறது, இடது கையால். பல் மருத்துவருக்கு எந்த விரல்கள் வேண்டும் என்று தங்கள் பல் மருத்துவரைக் கேட்டாலே தெரியும். கடிதத்தின் கடைசியில், “மாமா உங்க அணை என்ன ஆச்சு இப்ப உடைக்கலாம் இங்க நெட் கிடையாது” என்று இருந்தது. முற்றுப்புள்ளி இல்லை.

14. இதுவரை நான் எழுதியவற்றைத் தங்கள் அலுவலகம் ஓரமாக வைத்துவிடலாம். ஆகவே ஒரு பத்தி கூடுதலாக எழுதுகிறேன். இதைத் தங்கள் சான்று மொழிபெயர்ப்பாளரிடமே அனுப்பிப் பொருள் கேட்க வேண்டுகிறேன்:

‘பல மாதமாகத் தங்கள் அலுவலகம் என் கழுத்தை அறுக்கிறது. உயிரை வாங்குகிறது. இரண்டாம் மாடியில் இருக்கும் அந்த ஆளை ஒருநாள் போட்டுத் தள்ளினால்தான் என் மனம் ஆறும்.’

இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் இது கொலை மிரட்டல். காவல் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அவர்கள் வரட்டும், என் மீது வழக்குப் போடட்டும், நம் மொழி தெரிந்த ஒரு நீதிபதியின் முன் அந்தச் சொற்களுக்குப் பொருள் பேசப்படட்டும். அந்தத் தீர்ப்பின் நகல் அவனுக்கு உதவும். அப்படி இல்லை, இது யாரோ ஒருவர் சலிப்பில் எழுதியது, நடவடிக்கை தேவையில்லை என்று தங்கள் அலுவலகம் கோப்பில் குறித்தால், நான் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரி அதுதான். அதன் நகலை அனுப்பினாலும் போதும். தங்கள் விதிப்படி இரண்டில் ஒன்றை எழுதாமல் இந்தக் கோப்பை மூட முடியாது.

15. மனுவின் தலைப்பில், பெயரும் முகவரியும் முடிவில் என்று எழுதியிருந்தேன். எழுதத் தொடங்கும்போது போடுவதாகத்தான் இருந்தேன். பேனா, அஞ்சல் நிலையத்து மேசையில் கயிற்றில் கட்டிவைத்த பேனா, கடைசி வரிவரை வந்துவிட்டது. கையொப்பமிட்டால் இந்த உறை பிரிக்கப்படாமல் வீட்டுக்குத் திரும்பி வரும்; என் மனைவி அதை வாங்கி என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். என் தகப்பனார் பெயரின் ஓர் எழுத்தால் அவன் பெயர் அந்த இணைப்பில் ஏறியது. என் சொற்கள் அவன் பெயரில் போயின. இந்தச் சொற்கள் எவர் பெயரிலும் போகாது. என்னைத் தேட வேண்டியிருக்காது ஐயா. கதவைத் தள்ளினாலே திறக்கும், உடைக்க வேண்டாம்.

கையொப்பமிடாமலே அஞ்சலில் சேர்க்கிறேன்.

இடம்: தலைமை அஞ்சல் நிலையம், எழுதும் மேசை
நாள்: விசாரணைக்குப் பத்தொன்பது நாள் முன்பு

இப்படிக்கு,